லேலண்டா, டாடாவா, பாரத் பென்ஸா? லாரி எடுக்குமுன் டிரைவர்களிடம் கேட்க வேண்டியவை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒரு 12 சக்கர வண்டி எடுத்து ரோட்டில் விடுவதென்றால், சேஸிஸ், பாடி, டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அரைக் கோடியை நெருங்கிவிடும். அதில் பெரும்பகுதி பைனான்ஸ். மாதம் பிறந்தால் டியூ கட்டியாக வேண்டும். லோடு கிடைத்ததா, வண்டி நின்றதா என்று பைனான்ஸ்காரர் கேட்கமாட்டார். இவ்வளவு பெரிய முடிவை நம்மில் பலர் எப்படி எடுக்கிறோம்? மாமா லேலண்ட் வைத்திருந்தார், அதனால் நாமும் லேலண்ட். பக்கத்து லாரி ஆபீஸ்காரர் வரிசையாக டாடா எடுத்தார், அதனால் நமக்கும் டாடா. இல்லையென்றால் எந்த ஷோரூமில் தள்ளுபடி கூடக் கொடுத்தார்களோ அது. வண்டியில் படுத்து எழுந்து, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, மாதத்தில் முக்கால்வாசி நாளை அதற்குள் கழிக்கப் போகிற டிரைவரைக் கேட்பது கடைசியில்தான். அதுவும் ஒப்புக்கு.

டிரைவரைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் ஆபீசுக்கு வந்து போகிற டிரைவர்களிடம் பல வருடமாக இதைப் பேசி வருகிறேன். ஆனால் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. யார் சொல்கிறார், எந்த லைனில் ஓட்டுகிறார், என்ன லோடு, டீசல் யார் செலவு என்று சேர்த்துக் கேட்டால்தான் அந்தப் பேச்சு நமக்கு உதவும்.

சம்பளத்திலிருந்தே தொடங்கலாம். சில ஆபீசில் டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்; மிச்சம் பிடித்தால் அது டிரைவருக்கு. வேறு சில இடங்களில் டீசல் முழுக்க ஓனர் செலவு. டிரைவருக்குப் படியும், வாடகையில் இத்தனை சதவீதம் என்றும் பேச்சு. முதல் வகை டிரைவருக்கு மைலேஜ் சொந்தக் காசு, அதனால் எந்த வண்டி எந்த மேட்டில் எவ்வளவு குடிக்கும் என்று லிட்டர் சுத்தமாகச் சொல்வார். இரண்டாம் வகை டிரைவருக்கு இழுவைதான் பெரிது. மேட்டில் சளைக்காமல் ஏறி, நேரத்துக்கு இறக்கிவிட்டு, அடுத்த லோடு பிடித்தால்தான் அவருக்குக் காசு. ஒரே வண்டியை ஒருவர் புகழ்வார், இன்னொருவர் திட்டுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இன்னொன்று, பழக்கம். ஒரே கம்பெனி வண்டியைப் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டியவருக்கு அதன் கியர் கைக்குள் ஊறிப்போயிருக்கும். வேறு எது கொடுத்தாலும் முதல் மாதம் குறைதான் சொல்வார். இரண்டு மூன்று கம்பெனி வண்டிகளை ஒரே ரோட்டில் ஓட்டிப் பார்த்தவர் கிடைத்தால் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

லேலண்ட்

தெற்கே லேலண்டுக்கு இருக்கிற பிடிமானம் ஒரு தலைமுறையில் வந்ததில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி. எண்ணூரில் ஒரு தொழிற்சாலை, 1980 முதல் ஓசூரிலும். நம் ஊர் மெக்கானிக் பலர் தொழில் கற்றுக்கொண்டதே லேலண்ட் இன்ஜினைப் பிரித்துத்தான். அதனால் கன்னியாகுமரியிலிருந்து ஆந்திரா எல்லை வரை எந்தப் பட்டறையில் நிறுத்தினாலும் அதைத் தெரிந்த ஒரு கை இருக்கும். சாமான் கிடைக்காமல் வண்டி நின்றது என்ற பேச்சு இந்தப் பக்கம் குறைவு.

டிரைவர்கள் சொல்கிற முதல் நல்ல வார்த்தை இழுவை. ஆறு சிலிண்டர் எச் வரிசை இன்ஜின் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) பிடித்து இழுக்கும், லோடோடு மேடு ஏறும்போது அடிக்கடி கியர் மாற்றத் தேவையில்லை என்பார்கள். அடுத்தது டீசல் பம்ப். பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி இருந்த காலத்தில் மற்ற கம்பெனிகளின் பெரிய வண்டிகள், கம்ப்யூட்டர் சொல்படி டீசல் பீய்ச்சும் காமன் ரெயிலுக்கும், புகையைச் சுத்தமாக்கும் யூரியா தொட்டிக்கும் போனபோது, லேலண்ட் பழைய இன்லைன் பம்பையே வைத்துக்கொண்டு, புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் முறையில் சமாளித்தது. டிரைவர்களுக்கு அது பெரிய நிம்மதி. யூரியா ஊற்ற வேண்டாம், பம்ப் மெக்கானிக் கையாலேயே சரிசெய்துவிடலாம். 2017-க்கும் 2020-க்கும் இடையில் வந்த அந்த வண்டிகளை இன்றைக்கும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிற ஓனர்கள் உண்டு.

2020 ஜூனில் லேலண்டின் புது வரிசையான ஏ.வி.டி.ஆர். வந்தது. புகை விதி இன்னும் கடுமையாகி பி.எஸ்.6 ஆனபின் எல்லா கம்பெனியும் சென்சாருக்குள் வந்துவிட்டதால், அந்தப் பழைய எளிமை லேலண்டிலும் இப்போது இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல், அப்பா ஓட்டிய லேலண்டை மனதில் வைத்துப் புது லேலண்ட் எடுக்கிறவர்கள் நிறையப் பேர்.

குறை? கேபின். இன்ஜின் சூடு இடது முழங்காலுக்கு வரும், சத்தம் அதிகம் என்பது பழைய மாடல்களைப் பற்றிய பொதுவான புகார். ஏ.வி.டி.ஆரில் எந்தக் கேபின் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் எளிய கேபின் ஒன்று, பெரிய யு கேபின் ஒன்று என்று கிடைக்கிறது. விலையைக் குறைக்க எளிய கேபின் எடுத்துவிட்டு, டிரைவர் நிலைக்கவில்லை என்று வருத்தப்படுகிற ஓனர்களை எனக்குத் தெரியும்.

டாடா

சேலம் தாண்டி, பெங்களூரு தாண்டி, நாக்பூர் தாண்டிப் போகிற டிரைவர் டாடாவைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. வடக்கிலும் கிழக்கிலும் ரோட்டோரப் பட்டறைக்காரன் கண்ணைக் கட்டிவிட்டால்கூட டாடாவைப் பிரித்துக் கோத்துவிடுவான். பீகாரிலோ அசாம் போகிற வழியிலோ ராத்திரி நின்றால், பாஷை தெரியாத ஊரில் டிரைவருக்கு வேண்டியது அப்படி ஒரு பட்டறைதான். நீளமான லைனுக்கு டாடா கேட்கிற டிரைவர்கள் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். இன்ஜினும் மைலேஜும் அதற்கு அப்புறம்.

டாடாவில் கவனிக்க வேண்டியது, எந்த இன்ஜின் என்பது. கம்மின்ஸ் என்ற இன்ஜின் கம்பெனியோடு கூட்டாக ஜாம்ஷெட்பூரில் செய்கிற இன்ஜினும் வரும், டாடாவின் சொந்த இன்ஜினும் வரும். கம்மின்ஸ் வண்டி ஓட்டிய டிரைவர்கள் அதை விட்டு இறங்க யோசிப்பார்கள். நீண்ட தூரம் ஒரே சீராக ஓடும், சூடு தாங்கும் என்பது அவர்கள் அபிப்பிராயம். சொந்த இன்ஜினை வைத்திருப்பவர்கள் சாமான் விலையைச் சொல்லி அதைப் புகழ்வார்கள். ஆகவே "டாடா எப்படி?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த மாடல், எந்த இன்ஜின், எந்த வருடம் என்று கேளுங்கள்.

கேபினிலும் அப்படித்தான். எல்.பி.டி. என்று போட்ட பழைய பாணிக் கேபினும், 2016-ல் வந்த சிக்னா கேபினும், அதற்கு முன் 2009-ல் அறிமுகமான பிரைமாவும் மூன்றும் வேறு வேறு உலகம். பிரைமா ஓட்டியவருக்கு எல்.பி.டி. கொடுத்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சிக்னா நடுவில் நிற்கிறது. விலையும் கேபினும் ஓரளவு பொருந்தி வருவதால் நம் பக்க ஓனர்கள் பலர் சிக்னாவுக்குத்தான் போகிறார்கள்.

பாரத் பென்ஸ்

2012-ல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்து, அதே வருடம் வண்டியை இறக்கியபோது, நாமக்கல்லில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை கூட, சாமான் விலை கூட, பட்டறைக்காரர் தொடமாட்டார், விற்றால் விலை போகாது என்று நான்கு காரணம் தயாராக இருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் டிரைவர்கள்தான்.

தொப்பூர் கணவாயை வைத்துச் சொன்னால் இது நன்றாகப் புரியும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது இரட்டைப் பாலம் வரை நீளமான இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து, பிரேக் லைனர் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போகிற வண்டிகள் மேல் ஏறிய விபத்துகள் அங்கே எத்தனையோ. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம். பாரத் பென்ஸ் ஓட்டியவர்களிடம் கேட்டால், அந்த இறக்கத்தில் கியரைப் போட்டு, புகையை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கை இழுத்துவிட்டால் வண்டி கைக்குள் அடங்கி இறங்குகிறது, கால் பிரேக்குக்கு வேலை குறைவு, மனசுக்குப் பயம் இல்லை என்பார்கள். எக்ஸாஸ்ட் பிரேக் எல்லா கம்பெனி வண்டியிலும் இருக்கிறது. ஆனால் வண்டி ரோட்டில் உட்கார்ந்து போகிற விதம், ஸ்டியரிங் நடுங்காமல் இருப்பது, கேபினின் உறுதி ஆகியவற்றில் பாரத் பென்ஸுக்குத்தான் அதிக ஓட்டு விழுகிறது. முன்னால் இடித்தாலும் கேபின் நசுங்காது என்ற நம்பிக்கை டிரைவர்களிடம் இருக்கிறது. வீட்டில் மனைவி பிள்ளைகள் உள்ள ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை.

டிப்பர் ஓட்டுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். கல்குவாரியில் பள்ளத்திலிருந்து ஜல்லியோடு ஏறும்போது அச்சு, ஹவுசிங் தாங்குகிற தாங்கலைப் பார்த்தவர்கள் வேறு வண்டி கேட்பதில்லை. குவாரி, கிரஷர் வேலைக்கு இன்றைக்கு அதற்குத் தனி மவுசு.

குறையும் அதே அளவு நேரடியானது. ஒரிஜினல் சாமான் வேண்டும், அதுவும் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் வேண்டும். சர்வீஸ் சென்டர் எண்ணிக்கை லேலண்ட், டாடா அளவுக்கு இல்லை. உங்கள் லைனில் எங்கெங்கே இருக்கிறது என்று மேப்பில் வைத்துப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு ஓட்டுகிறவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள். வெளிப்பட்டறையில் சமாளிக்கலாம் என்று நினைத்து எடுத்தவர்கள்தான் புலம்புகிறார்கள்.

ஐச்சர், மஹிந்திரா

முட்டை, காய்கறி, தீவனம் என்று கேரளாவுக்கும் சென்னைக்கும் ஓடுகிற நடுத்தர வண்டிக்கு ஐச்சரை விட்டு வேறு பேசத் தேவையில்லை என்பது என் கருத்து. 1986-லிருந்து லாரி செய்கிறார்கள், 2008 முதல் வால்வோவோடு கூட்டு. கிளட்ச் லேசு, கியர் வெண்ணெய் மாதிரி விழும், டீசல் சிக்கனம். டிரைவர்களிடம் இதில் மாற்றுக் கருத்தே அனேகமாக இல்லை. பெரிய வண்டியில்தான் ஐச்சர் இன்னும் நம் பக்கம் முழு நம்பிக்கை பெறவில்லை. ஓட்டியவர்கள் நல்லதாகவே சொல்கிறார்கள்; ஓட்டியவர்கள் குறைவு.

மஹிந்திரா 2016-ல் பிளேசோவை இறக்கியபோது, மற்ற வண்டிகளைவிட மைலேஜ் அதிகம் வராவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அறிவித்தே விற்றது. லோடுக்கும் ரோட்டுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச்: லைட், ஹெவி, டர்போ. மைலேஜ் பற்றி டிரைவர்கள் நல்லதே சொல்கிறார்கள். தெற்கே பழகிய மெக்கானிக் கை குறைவு, விற்கும்போது வாங்க ஆள் குறைவு என்பதுதான் தயக்கம். உங்கள் ஊரிலேயே நல்ல டீலர் பட்டறை இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் நான் போகமாட்டேன்.

யூரியாவும் மஞ்சள் விளக்கும்

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு, கம்பெனிக்குக் கம்பெனி இருந்த வித்தியாசத்தில் பாதி மறைந்துபோய், எல்லா டிரைவர்களுக்கும் பொதுவான ஒரு புகார் வந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். கவனிக்காமல் ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் வண்டி இழுக்காது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போகும். டீசல் தீரவில்லை, இன்ஜின் கெடவில்லை, ஆனால் லோடோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. புகைக்குழாயில் உள்ள வடிகட்டியில் கரி சேர்ந்து அடைத்துக்கொள்வது ஒன்று. நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடினால் அந்தக் கரி சூட்டில் தானாக எரிந்துவிடும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு அந்தச் சூடு வராது. வண்டியை ஓரங்கட்டி, சுவிட்சை அழுத்தி, இன்ஜினை ஓடவிட்டு எரிக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்கிற டிரைவருக்குத் தொல்லை குறைவு. மற்றொன்று யூரியா. கம்பெனி வைத்த பெயர் வேறு, டிரைவர்களுக்கு அது யூரியாதான். 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 முதல் 5 லிட்டர் வரை போகும். காசு மிச்சம் என்று ரோட்டோரத்தில் தரமில்லாததை வாங்கி ஊற்றினால் படிகம் படிந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஆகிற செலவில் பல மாதத்துக்கான நல்ல யூரியா வாங்கிவிடலாம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வண்டி நாக்பூர் தாண்டி இப்படித்தான் நின்றது. கையளவு சென்சார் ஒன்று. ஸ்கேனரோடு ஆள் வர ஒரு நாள், சாமான் வர மேலும் சில நாள். டிரைவர் ரோட்டோரத்தில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டு, தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிற லோடுக்குக் காவல் கிடந்தார். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, பி.எஸ்.6-ல் எந்த வண்டிக்கும் இது நடக்கலாம். டிரைவரிடம் கேட்க வேண்டியது, "நின்றபோது யார் வந்தார்கள், எவ்வளவு நேரத்தில்?" என்பது. "எந்த வண்டி நிற்காது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும்.

மைலேஜ் கணக்கு

கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுவோம். வருடத்துக்கு 1 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற 12 சக்கர வண்டி லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 25,000 லிட்டர் டீசல். அதே வண்டி 4.25 கொடுத்தால் சுமார் 23,530 லிட்டர். கால் கிலோமீட்டர் வித்தியாசத்தில் 1,470 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 1,35,000 ரூபாய்க்குப் பக்கம். இந்தக் கணக்கைக் காட்டித்தான் ஒவ்வொரு கம்பெனி விற்பனைக்காரரும் வருவார்.

அவர் காட்டாத இன்னொன்று இருக்கிறது. ஒரே வண்டியை இரண்டு டிரைவர்கள் ஓட்டினால் அவர்களுக்குள்ளேயே கால் கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஆர்.பி.எம். மீட்டரில் பச்சைப் பட்டை ஒன்று இருக்கிறது. முள்ளை அதைத் தாண்டவிடாமல், டோல்கேட்டைத் தூரத்தில் பார்த்ததுமே காலை எடுத்து, பிரேக்குக்கு வேலை வைக்காமல் போய் நிற்கிற டிரைவர் எந்த வண்டியிலும் டீசல் மிச்சம் பிடிப்பார். கம்பெனிக்குக் கம்பெனி உள்ள மைலேஜ் வித்தியாசம் பல நேரம் இதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட ஒரு டிரைவர் உங்களிடம் நிலைத்து நிற்க எந்த வண்டி உதவுமோ, அதுதான் கடைசியில் மைலேஜ் கொடுக்கிற வண்டி. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இன்றைக்கு டிரைவர் கிடைப்பதே கஷ்டம். கிளீனராக ஏறி, கியர் கற்று, டிரைவர் ஆகிற வழியில் இளவட்டங்கள் வருவதில்லை. நாமக்கல் பாடி பட்டறைகளில் மரமும் தகரமும் வைத்துக் கேபின் கட்டிய காலத்தில், டிரைவருக்கு இடது பக்கம் அடுப்பு மாதிரிக் கொதிக்கும், வெளியில் வெயில் கொதிக்கும். அதையும் தாங்கி ஓட்டினார்கள். அந்தத் தலைமுறை ஓய்ந்து வருகிறது. 2025 ஜூன் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு கொண்டுவந்தது நல்ல காரியம். டீசல் கூடப் போகும் என்று முனகுகிற ஓனர்கள், மே மாதத்தில் ஆந்திரா ரோட்டில் ஒரு மதியம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால் ஏ.சி. என்று எழுதியிருப்பதோடு விட்டுவிடாதீர்கள். சிமெண்ட் ஆலை வாசலிலும் துறைமுகத்திலும் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும்போது, இன்ஜின் ஓடினால்தான் ஏ.சி. ஓடும், மணிக்கு ஓரிரு லிட்டராவது போகும். அந்த டீசலை டிரைவர் கணக்கில் பிடித்தால் அவர் ஏ.சி.யைத் தொடவே மாட்டார். அதை ஓனர் கணக்கில் எழுதுவேன் என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பழைய வண்டியானால்

கையில் காசு குறைவு, முதல் வண்டி என்றால் பழைய பி.எஸ்.4 லேலண்ட் அல்லது டாடா மீது கண் போகும். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திராவுக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் அது இன்னும் நல்ல யோசனைதான். டிரைவர்களும் அதையே சொல்வார்கள், சென்சார் தொல்லை குறைவு என்பதால். வடக்கே போவதானால் யோசிக்க வேண்டும். டெல்லியில் பதிவாகாத சரக்கு வண்டிகள் பி.எஸ்.6 ஆக இருந்தால்தான் உள்ளே விடுவது என்பது 2025 நவம்பர் முதல் விதி, பி.எஸ்.4-க்கு 2026 அக்டோபர் 31 வரைதான் விலக்கு. அப்புறம், 2025 செப்டம்பரில் புது சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டிக்கே வரி குறைந்துவிட்டதால், அதற்கு முன்பு கேட்ட பழைய வண்டி விலையை இப்போதும் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

நான் எடுப்பதானால்

சங்ககிரியிலிருந்து சிமெண்டோ தூத்துக்குடியிலிருந்து உப்போ ஏற்றி, நான்கு தென் மாநிலத்துக்குள் சுற்றுகிற 10 அல்லது 12 சக்கர வண்டி என்றால் லேலண்ட், ஆனால் நல்ல கேபினோடு. கொல்கத்தா, குவாஹாத்தி, பீகார் லைன் என்றால் கம்மின்ஸ் இன்ஜினோடு டாடா சிக்னா. கம்பெனி ஒப்பந்த லோடு நிலையாக இருக்கிறது, டியூ கட்ட பயமில்லை, மலை ரோடு அதிகம், அல்லது குவாரி வேலை என்றால் பாரத் பென்ஸ். விலை கூடக் கொடுத்தாலும் நல்ல டிரைவர் தேடி வருவார். கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கும் பிரேக், கேபின் இரண்டுக்காக இதையே சொல்வேன். முட்டை, காய்கறி லைனுக்கு ஐச்சர்.

திம்பம் மாதிரி 27 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதையில் வேலை என்றால், கம்பெனியைவிட வண்டி நீளமும் திரும்பும் வளைவும்தான் முக்கியம். அங்கே நீள வண்டி திரும்ப முடியாமல் மாட்டி, பின்னால் வருகிற அத்தனை வண்டியும் மணிக்கணக்கில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. எந்த வண்டி அதிக டன் ஏற்றும் என்று மட்டும் பார்த்து எடுத்தவர்களுக்கு அந்த வழியே அடைபட்டுப்போகும். 2018-ல் அச்சு எடை வரம்பைக் கூட்டி, 10 சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஆன பிறகு, சின்ன வண்டியிலேயே முன்பைவிட அதிகம் ஏற்றலாம். அதையும் கணக்கில் வையுங்கள்.

புக்கிங் போடுமுன் ஓட்டப்போகிற டிரைவரை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். சீட்டில் அரை மணி நேரமாவது உட்காரச் சொல்லுங்கள், கிளட்சை இருபது தடவை மிதிக்கச் சொல்லுங்கள், பின்னால் பர்த்தில் கால் நீட்டிப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தலை இடிக்கிறதா, ஏ.சி. காற்று பர்த்துக்கு வருகிறதா, இடது பக்கக் கண்ணாடியில் பின் சக்கரம் தெரிகிறதா, தண்ணீர் கேனும் ஸ்டவ்வும் வைக்க இடம் இருக்கிறதா, சாமி படம் எங்கே வைப்பார் என்பதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் டெமோ வண்டி கொடுப்பார்கள். வெறும் வண்டியை பைபாஸில் ஒரு சுற்று ஓட்டித் திரும்ப வேண்டாம். முழு லோடு ஏற்றித் தொப்பூர் ஏறி இறங்கி வரக் கேளுங்கள், டிரைவர் ஓட்டட்டும், நீங்கள் கிளீனர் சீட்டில் உட்காருங்கள். லோடோடு தர முடியாது என்று சொல்கிற ஷோரூமில், விலை எவ்வளவு குறைத்தாலும், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.